கணக்கில் உள்ள பணம் கைக்கு வராதது ஏன்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கிடங்கில் நூறு மூட்டை நூல் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் அறுபது மூட்டைகளை ஓர் ஏற்றுமதி ஆர்டருக்கென ஒதுக்கி அடையாளச் சீட்டு கட்டிவிட்டார்கள். கிடங்கில் எத்தனை மூட்டைகள்? எண்ணிப் பார்த்தால் நூறு. ஆனால் வேறொரு வேலைக்கு எடுக்கக்கூடியவை நாற்பதுதான். மீதி அறுபதும் வெளியே போகவில்லை. நமக்குப் பயன்படவும் இல்லை.

வங்கிக் கணக்கிலும் இத்தகைய நிலை உண்டு. இதற்கு 'நிறுத்திவைப்பு' என்று பெயர் சொல்லலாம். அட்டை மூலம் பணம் செலுத்தும்போது இது எவ்வாறு ஏற்படுகிறது?

கடையில் அட்டையைக் கருவியில் செருகியதும் ஒரு கேள்வி புறப்படுகிறது. 'இந்தக் கணக்கில் இவ்வளவு தொகை கிடைக்குமா?' என்பதே அக்கேள்வி. அது கடைக்காரரின் வங்கிக்குச் சென்று, ரூபே, விசா போன்ற இணைப்பு அமைப்பின் வழியாக வாடிக்கையாளரின் வங்கியை அடைகிறது. விடை அதே வழியில் திரும்புகிறது. எல்லாம் சில விநாடிகளில்! முற்காலத்தில் பெரிய தொகை என்றால் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டு அனுமதி பெற வேண்டியிருந்தது. பின்னர் விசா எனப் பெயர் பெற்ற அமெரிக்க அமைப்பு, 1973ஆம் ஆண்டில் இதற்கெனக் கணினி முறையைக் கொண்டுவந்தது.

'சரி' என்ற விடை, பணம் கிடைக்கும் என்ற உறுதிதான். பணம் கடைக்காரரின் கணக்கை அடைவது பின்னரே. தங்கும் விடுதிகளில் இந்த வேறுபாடு நன்கு புலப்படும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

துணி வாங்கத் திருப்பூர் வரும் ஒருவரின் கணக்கில் ரூ.12,000 இருக்கிறது. மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்பது முதல் நாளே தெரியாதல்லவா? ஆகவே விடுதி ரூ.8,000 நிறுத்திவைக்கிறது. அவர் எடுக்கக்கூடியது ரூ.4,000 மட்டுமே. புறப்படும்போது பில் ரூ.6,500. நிறுத்திவைத்த தொகையிலிருந்தே அதனை எடுத்துக்கொண்டு, மீதி ரூ.1,500ஐ விடுவிக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல், விடுதி ஊழியர் ரூ.6,500ஐப் புதிய விற்பனையாகப் பதிவு செய்தால் என்ன ஆகும்? கையில் உள்ளது ரூ.4,000 என்பதால் வங்கி மறுத்துவிடும். பணம் இருந்தும் இல்லாதவராக அவர் நிற்க நேரிடும்! விடுதிக்கும் ஆபத்து உண்டு. நிறுத்திவைப்புக்குக் கால வரம்பு இருக்கிறது. அதற்குள் தொகையைக் கேட்டுப் பெறாவிட்டால் உறுதி காலாவதியாகிவிடும்.

நிறுத்திவைப்பு என்றாலே தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பங்குகளுக்கு விண்ணப்பிப்போர் முன்பெல்லாம் காசோலை கொடுத்துவிட்டு, பங்கு கிடைக்காதபோது பணம் திரும்பி வரக் காத்திருந்தனர். பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் 'செபி' அமைப்பு, பணத்தைக் கணக்கிலேயே நிறுத்திவைக்கும் முறையை 2008இல் அறிமுகப்படுத்தி, 2016 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. அவிநாசியைச் சேர்ந்த பின்னலாடை நிறுவனமான எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016 ஆகஸ்டில் பங்கு வெளியிட்டபோது, விண்ணப்பித்த பொதுமக்களின் பணம் அவரவர் கணக்கிலேயே இருந்தது. சேமிப்புக் கணக்கானால் அதற்கு வட்டியும் உண்டு.

இனி, அன்றாடம் நேரும் சிக்கலுக்கு வருவோம். காதர்பேட்டைக் கடையொன்றில் ஒருவர் ரூ.900க்குத் துணி வாங்குகிறார். வாடிக்கையாளரின் வங்கி தொகையைக் கழித்துவிட்டது. ஆனால் விடை திரும்பும் வழியில் இணைப்பு அறுந்துவிட்டது. அவருடைய கைபேசி 'பணம் போய்விட்டது' என்கிறது. கடைக்காரரின் கருவியோ 'வரவில்லை' என்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. ஆயினும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். கைபேசிச் செய்தியை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுத்தால் கடைக்காரருக்கு நஷ்டம் வரலாம். மறுபடி பணம் கொடுத்தால் வாடிக்கையாளரின் இன்னொரு ரூ.900 செலவாகும்.

இத்தகைய நிலைக்காக ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்தது. அட்டைக் கருவியானாலும், கடைக்குச் செலுத்தும் யு.பி.ஐ. ஆனாலும், பரிவர்த்தனை நாளை அடுத்த 5 நாட்களுக்குள் பணம் தானாகவே திரும்ப வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தரப்பட வேண்டும். வாடிக்கையாளர் கேட்காமலேயே அது கணக்கில் சேர வேண்டும்.

சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரம் முழுவதும் குடும்பம் நடத்தும் தையல் தொழிலாளிக்கு 5 நாள் என்பது சிறிய காலமன்று. ஆனால் அந்தப் பணம் தொலைந்துவிடவில்லை என்பதையும், கேட்கும் உரிமை தனக்குண்டு என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மாணவர்களே, உங்கள் வீட்டில் இவ்வாறு நேர்ந்தால் தேதி, தொகை, பரிவர்த்தனை எண் ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 5 நாட்கள் கழித்தும் பணம் வராவிட்டால், அக்குறிப்புடன் பெரியவர்களை வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள்.