விரியும் பேரண்டமும் அதன் சான்றுகளும்

முன்னுரை

"பேரண்டத்திற்கு ஒரு தொடக்கம் உண்டென்கின்றனர் அறிவியலார். அதனைக் கண்டவர் எவர்? காணாத ஒன்றுக்குச் சான்று எங்ஙனம் அமையும்?" இலக்கிய வரலாற்று வகுப்பில் மாணவர் ஒருவர் நம்மை நோக்கி எழுப்பிய வினா இது. நமக்கு இவ்வினா புதிதன்று. பழஞ்சுவடி எழுதப்பட்ட நாளைக் கண்டவரும் இன்று இலர். எனினும், எழுத்தமைதியும் சொல்லாட்சியும் கொண்டு அதன் காலத்தைத் துணிகின்றோம். வானமும் அத்தகையதொரு சுவடியே. அதனை அறிஞர் பயின்ற முறையை ஈண்டுக் காண்போம்.

சிறு முகிலும் பெருந்தொலைவும்

கி.பி. 964ஆம் ஆண்டில் பாரசீக வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-ஸூஃபி, விண்மீன்களைப் பற்றித் தாம் இயற்றிய அரபு நூலில், இன்று ஆண்ட்ரோமீடா என வழங்கும் ஒளித்திட்டினைச் 'சிறு முகில்' எனக் குறித்தார். தொலைநோக்கி தோன்றாத காலத்தில், வெறுங்கண்ணால் நோக்கி எழுதிய குறிப்பு அது. அம்முகில் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் விடை காணா வினாவாகவே இருந்தது.

அதற்கு அளவுகோல் தந்தவர் அமெரிக்கப் பெண்மணி ஹென்ரியெட்டா லீவிட். சீரான கால இடைவெளியில் மங்கியும் ஒளிர்ந்தும் வரும் ஒருவகை விண்மீன்களின் உண்மை ஒளிக்கும் அவ்விடைவெளிக்கும் தொடர்புண்டு என 1912இல் அவர் நிறுவினார். உண்மை ஒளி தெரிந்தால், கண்ணுக்குத் தோன்றும் ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவை அறியலாம். 1923இல் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியால் அத்தகைய விண்மீன் ஒன்றை ஆண்ட்ரோமீடாவில் கண்டார். அது நம் பால்வழி மண்டலத்திற்கு அப்பாற்பட்ட மற்றொரு விண்மீன் மண்டலம் என்பது புலனாயிற்று. இன்றைய கணக்கில் அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு.

விலகும் மண்டலங்கள்

நம்மைக் கடந்து விலகும் புகைவண்டியின் ஊதல் ஒலி தாழ்ந்து கேட்கும். அதுபோல, விலகும் பொருளின் ஒளி நிறமாலையில் சிவப்பை நோக்கி நகரும். இதனைச் செம்பெயர்ச்சி என்பர். 1912 முதல் வெஸ்டோ ஸ்லைஃபர் செய்த அளவீடுகள், ஆண்ட்ரோமீடா போன்ற சில நீங்கலாகப் பெரும்பாலான மண்டலங்கள் விலகிச் செல்வதைக் காட்டின. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின் வழி, பேரண்டமே விரிகின்றது எனப் பெல்ஜிய அறிஞர் ஜார்ஜ் லெமைத்ரே 1927இல் எழுதினார். தொலைவு மிகுமளவிற்கு விலகும் விரைவும் மிகும் என்பதை 1929இல் ஹபிள் தம் அளவீடுகளால் வலியுறுத்தினார். இவ்விதியை 'ஹபிள்-லெமைத்ரே விதி' என வழங்குமாறு அனைத்துலக வானியல் ஒன்றியம் 2018இல் பரிந்துரைத்தது.

ஊதப்படும் பலூனின் மேலுள்ள புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன; எனினும், எப்புள்ளியும் நடுவன்று. மண்டலங்களின் நிலையும் இத்தகையதே.

எஞ்சிய வெம்மை

விரிவதனைப் பின்னோக்கிக் கருதினால், அனைத்தும் செறிந்து கொதித்த ஒரு நிலையை அடைவோம். அவ்வெம்மையின் எச்சம் இன்றும் விண்ணில் இருத்தல் வேண்டும் என்றும், அது ஏறத்தாழ 5 கெல்வின் அளவினது என்றும் 1948இல் ஆல்ஃபரும் ஹெர்மனும் கணித்தனர்.

1964இல் அமெரிக்காவின் ஹோம்டெல் என்னுமிடத்தில் பென்சியாஸ், வில்சன் ஆகிய இருவர், தம் வானலை வாங்கியில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கேட்டனர். உள்ளே தங்கியிருந்த புறாக்களை அகற்றி, எச்சத்தையும் துடைத்துப் பார்த்தனர், இரைச்சல் நீங்கவில்லை. எத்திசையிலும் எக்காலத்தும் ஒரேயளவில் வந்த அந்நுண்ணலைக் கதிர்வீச்சே தேடப்பட்ட எச்சம் என்பது 1965இல் தெளிவாயிற்று. 1989இல் ஏவப்பட்ட கோப் செயற்கைக்கோள் அதனை நுட்பமாக அளந்தது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். முதற்பெருவெம்மையில் உருவாகியிருக்க வேண்டிய ஹீலியம், நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்ற கணக்கும், பழமையான வாயு முகில்களில் காணும் அளவோடு பொருந்துகின்றது. ஒன்றையொன்று சாராத சான்றுகள் இங்ஙனம் ஒரே முடிவைச் சுட்டுவதே இக்கொள்கையின் வலிமை.

திருந்திய கணக்கு

இவ்வாய்வில் பிழையே நேரவில்லை என எண்ணலாகாது. ஹபிளின் முதற்கணக்குப்படி பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே. பாறைகள் காட்டிய புவியின் அகவையோ அதனினும் மிகுதி. தாயினும் மகள் மூத்தவளாதல் கூடுமோ? அளவுகோலாகக் கொண்ட விண்மீன்களில் இருவகை உண்டென வால்டர் பாடே கண்டறிந்து, 1952இல் தொலைவுகளைத் திருத்தினார். இன்றைய கணக்கு 1380 கோடி ஆண்டுகள். விரிவின் விரைவு கூடிவருகின்றது என்பது 1998இல் வெளிப்பட்டது. அவ்விரைவின் சரியான அளவு குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

முடிவுரை

லெமைத்ரே ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்புக் கொள்கைக்கு அரணாக இவ்வறிவியலைச் சுட்டியபோது, அவர் அதனை விரும்பவில்லை. தம் கோட்பாடு சமய வினாக்களுக்குப் புறத்தே நிற்பது என்பதே அவர் நிலைப்பாடு. அவர் இறை நம்பிக்கையில் குறைந்தவரல்லர். இரண்டின் எல்லையையும் அறிந்தவர்.

புதிய கண்டுபிடிப்பு வெளியானவுடன் அதனை மறைமொழியோடு பொருத்திக் காட்ட விழைதல் நம்மவரிடையேயும் உண்டு. அன்று எவரேனும் 200 கோடி என்ற கணக்கை மறைக்குச் சான்றாக்கியிருப்பின், 1952இல் அவர் எங்ஙனம் விடையிறுத்திருப்பார்? மாறும் தன்மையுடைய கணக்கின்மேல் மாறாத நம்பிக்கையை நிறுத்துதல், நம்பிக்கைக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

செறிந்த வெம்மையினின்று பேரண்டம் விரிந்தது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. அதற்கு அப்பால் என்ன என்பதை அவை கூறவில்லை. சான்று பேசும் இடத்தில் செவிசாய்த்தலும், அது வாய் மூடும் இடத்தில் நாமும் அமைதலும் கற்றோர்க்கு அழகு. அல்-ஸூஃபி தாம் கண்டதைக் கண்டவாறு 'சிறு முகில்' என்று மட்டுமே எழுதினார். அந்நேர்மையை நம் மாணவச் செல்வங்கள் கைக்கொள்வார்களாக!