ஜீவ சாஸ்திர மாணாக்கர் எதைப் பயில்வது?

பரீக்ஷை முடிவுகள் வெளியானதும் நமது நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே சம்பாஷணை நடைபெறுகிறது. ஜீவ சாஸ்திரம் படித்த பையனுக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. "பி. எஸ்ஸியிலாவது சேர்த்துவிடுவோம்" என்கிறார் தகப்பனார். அந்த "ஆவது" என்ற விகுதியில் ஒரு சாஸ்திரத்துக்கே இழைக்கப்படும் அவமதிப்பு அடங்கியிருக்கிறது. பிறகு, தாவர சாஸ்திரமா, பிராணி சாஸ்திரமா, மைக்ரோபயாலஜியா, பயோடெக்னாலஜியா என்ற விஷயம் கல்லூரி ஆபீஸ் ஜன்னலண்டை நின்றபடியே கால் மணி நேரத்தில் தீர்மானிக்கப்படுகிறது. எந்தப் பெயர் புதிதாக ஒலிக்கிறதோ அதற்கே ஜயம். மாடு வாங்கப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்!

எந்தக் காரியத்தைச் செய்து முடிக்க விரும்புகிறோம் என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதற்குக் கருவியாகும் பிரிவைப் பின்னர் தேடுவதே முறை. இதற்கு எம். எஸ். சுவாமிநாதன் அவர்களின் சரித்திரம் ஒன்றே போதும். 1925-ல் கும்பகோணத்தில் பிறந்த அவருடைய தந்தையார் பேர்பெற்ற ரண வைத்தியர். மகனும் வைத்தியராவதே குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு. அவர் திருவனந்தபுரத்தில் பிராணி சாஸ்திரம் பயின்று பட்டம் பெற்றார். 1943-ல் வங்காளப் பஞ்சம் வந்தது. இருபது, முப்பது லக்ஷம் பேர் மாண்டதாகக் கணக்கிடப்படும் அந்தக் கோரம், பசியை ஒழிக்கும் வித்தை எது என்று அந்த வாலிபரைக் கேட்க வைத்தது. வைத்தியத்தை விட்டுக் கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் புகுந்தார். 1947-ல் டில்லி சென்று பாரம்பரிய சாஸ்திரத்தையும் பயிர் அபிவிருத்தியையும் கற்றார். போலீஸ் உத்தியோகத்துக்குத் தேர்வாகியும், அதை உதறிவிட்டு, உருளைக்கிழங்கின் பாரம்பரியத்தை ஆராய ஹாலந்து தேசம் சென்றார். போலீஸ் அதிகாரியின் உடுப்பெங்கே, உருளைக்கிழங்கெங்கே என்று அன்று சிரித்தவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? பின்னாளில் இத்தேசம் கோதுமைக்கும் அரிசிக்கும் அந்நியர் கையை எதிர்பார்க்கும் நிலையினின்று மீள்வதற்கு உழைத்தவர்களின் முன்னணியில் நின்றவர் அவரே.

நவீனப் பிரிவுகளை நாம் பழிக்கவில்லை. ஆயினும் பழைய பிரிவுகளை, அதிலும் செடி கொடி பூச்சி புழுக்களை இனம் பிரித்தறியும் வித்தையை, பழம்பஞ்சாங்கமென ஒதுக்குவது ஆபத்து. ரொனால்ட் ராஸ் 1895 முதல் நம் தேசத்தில் கொசுக்களை அறுத்தறுத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கையாள்வதில் அவர் சமர்த்தர்தான். ஆனால் கொசுக்களின் இனவேறுபாடு அவருக்குத் தெரியாது. மலேரியாவைச் சுமக்காத ஜாதிகளையே வெகுகாலம் அறுத்துக்கொண்டிருந்தார். சிறகில் புள்ளியுடைய வேறொரு ஜாதி கைக்கு வந்தபின் அல்லவோ, 1897 ஆகஸ்டு 20-ந் தேதி ஸிகந்தராபாத்தில் மர்மம் வெளிப்பட்டது?

இது பழங்கதையுமன்று. சென்னைவாசிகளின் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும் 'அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி' என்ற மலேரியாக் கொசு, 2012-ல் ஆப்பிரிக்காவிலுள்ள ஜிபூட்டியில் காணப்பட்டது. பிறகு எதியோப்பியாவிலும் கண்டறியப்பட்டது. அக்கண்டத்தின் மலேரியா பெரும்பாலும் கிராமாந்தரங்களின் நோய். இக்கொசுவோ பட்டணங்களில் பெருகுவது. இதனை இன்னதென அடையாளங்காணத் தெரிந்தவர் இல்லாவிடில் அதைத் தடுப்பது எங்ஙனம்? யந்திரம் ஜீன்களின் எழுத்துக்களைப் படித்துத் தரும். அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, முதன்முதல் ஒரு கொசுவைக் கையில் வைத்து அதற்குப் பெயரிட்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

"இதனால் சோறு கிடைக்குமா?" என்று ஏழைத் தகப்பனார் கேட்டால் அவரைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனால் பயனற்றதாகத் தோன்றும் வித்தையும் சோறு போட்டதுண்டு. கோயமுத்தூரில் 1912-ல் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் டி. எஸ். வெங்கடராமன் காட்டு நாணலைக் கரும்புடன் கலந்து வட இந்திய வயல்களுக்கேற்ற கரும்புகளை உண்டாக்கினார். அங்கே ஜானகி அம்மாள் அவற்றின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். உயிரணுவினுள் இருக்கும் நூலிழைகளை எண்ணுவதாவது, ஒரு படிப்பா என்று கேட்கத் தோன்றும்! எந்த இனத்தை எதனுடன் கலந்தால் பலிக்கும் என்பதை அறிய அந்த எண்ணிக்கை வேண்டியிருந்தது. 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் நூல் உலகப் பிரசித்தி பெற்றது.

வேலையைப் பற்றிய கவலைக்குச் சர்க்காரும் பதில் சொல்லவேண்டும். தாவர ஸர்வே, பிராணி ஸர்வே முதலிய ஸ்தாபனங்களில் இடம் காலியானால் காலந்தாழ்த்தாது நிரப்புவதும், பொருட்காட்சி சாலைகளிலும் சுகாதார இலாகாவிலும் பூச்சி சாஸ்திரிகளுக்கு ஸ்தானமளிப்பதும் அவர்கள் கடமை.

மாணாக்கர்களுக்கு ஒரு வார்த்தை. எப்பிரிவைக் கொண்டாலும் இரசாயனத்தையும் புள்ளி விவரக் கணிதத்தையும் கைவிடலாகாது. கணக்குக்குப் பயந்து ஜீவ சாஸ்திரத்துக்கு ஓடி வந்தவர்கள் இரண்டாம் வருஷத்தில் அகப்பட்டுக்கொள்வது நாம் அறிந்ததே. விடுமுறையில் ஓர் உபாத்தியாயருடன் சதுப்பு நிலத்திலோ மலையடிவாரத்திலோ பத்து நாள் அலைந்து பார்க்கட்டும். மற்றொரு பத்து நாள் ஆராய்ச்சிசாலையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிப் பார்க்கட்டும். எங்கே அலுப்புத் தட்டவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பதினேழு வயதில் ஜன்னலண்டை செய்த தீர்மானம் மூன்று வருஷமும் ஒருவனைக் கட்டுப்படுத்துவது நியாயமன்று. ஆகையால் முதல் வருஷத்தில் எல்லாப் பிரிவுகளையும் சற்றே பயிற்றுவித்து, இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் பிரிவைத் தெரிந்துகொள்ளவும், வேண்டுமாயின் மாற்றிக்கொள்ளவும், தடையின்றி இடமளிக்கும்படி ஸர்வகலாசாலைகளை வற்புறுத்துகிறோம்.