நீரில் ஊறும் நகங்கள்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூ கட்டுபவர்களின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். வாழைநார் காய்ந்தால் அறுந்துவிடும், அதனால் அது நனைந்தே இருக்கும். பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல்கள் நாள் முழுக்க ஈரத்தில்தான். இப்படி வருஷக்கணக்கில் ஊறினால், நகத்தின் அடியை மூடியிருக்கும் மெல்லிய தோல் தேய்ந்துபோகும். ஓரம் சிவந்து தடிக்கும். நகத்தின் மேல் குறுக்கே மேடும் பள்ளமுமாக வரிகள் விழும். திருச்சி மெஸ்களில் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும், லால்குடிப் பக்கம் நாற்று நடும் பெண்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

எல்லாவற்றையும் நகச்சுற்று என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நோய் இரண்டு. திடீரென வீங்கி, சீழ் கோத்து, விண்விண்ணென்று தெறிப்பது கிருமியின் வேலை. டாக்டர் சீழை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். ஆறு வாரத்துக்கு மேல் இழுப்பது வேறு. நகக்கண்ணைச் சோதித்தபோதெல்லாம் கேண்டிடா பூஞ்சை அகப்பட்டதால், அதுவே காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 45 நோயாளிகளிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைகளைவிட, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்புதான் அதிகம் பேரைக் குணப்படுத்தியது. தண்ணீரும் சோப்பும் காய்கறிச் சாறும் தோலை அரித்துப் புண்ணாக்குவதே நோயின் தொடக்கம், பூஞ்சை பிறகு வந்து குடியேறியது என்ற கருத்து இன்று வலுப்பெற்றிருக்கிறது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலைச் செருகும் வீட்டு வைத்தியம், ஏற்கெனவே வெந்திருக்கும் தோலில் இன்னும் புளிப்பை ஊற்றுவதுதான். தயவுசெய்து வேண்டாம்.

அதற்காகக் கடையில் போய் ஸ்டீராய்டு களிம்பு கேட்டு வாங்கிவிடாதீர்கள். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைக் கட்டுப்படுத்தியது. இருந்தும் படர்தாமரைக்கு அவற்றைத் தாமாகத் தடவுபவர்கள் குறையவில்லை. வழக்கமான மாத்திரைக்கு மசியாத பூஞ்சை வகை ஒன்று இந்தியாவில் பரவியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 'இண்டோட்டினியே' என்று அதன் பெயரிலேயே நம் நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கால் நகம் மஞ்சளித்து, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் எல்லோரும் பூஞ்சை என்றே முடிவு கட்டுகிறார்கள். உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறையப் பாதிதான் பூஞ்சையால் வருபவை. சோரியாசிஸும், இறுக்கமான செருப்பால் படும் அடியும் அச்சு அசலாக அப்படியே தோன்றும். நகத்துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சை இழை இழையாகத் தெரியும். எளிய சோதனைதான். மாத்திரையைத் தொடங்குமுன் இதைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் போய்க் காட்டுங்கள்.

பூஞ்சை உறுதியானால் டெர்பினஃபைன் மாத்திரை கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம் தருவது வழக்கம். அதன் பிறகும் நகம் உடனே அழகாகிவிடாது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க டாக்டர் தன் கட்டைவிரல் நகத்தின் வளர்ச்சியை 35 ஆண்டுகள் அளந்து எழுதினார், வயதாக ஆக அந்த வேகமும் குறைந்தது. கெட்ட கால்நகம் முழுதாக வளர்ந்து வெளியேற ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். மருந்து கேட்கவில்லை என்று பாதியில் நிறுத்துபவர்களிடம் இதை யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பூ கட்டுபவர்களுக்குக் கையுறை ஒத்துவராது, முடிச்சு சரியாக விழாது. வேலை முடிந்ததும் கையை நன்றாகத் துடைத்து, நகக்கண்ணில் தேங்காய் எண்ணெய் தடவலாம். பாத்திரம் தேய்ப்பவர்கள் நிலை அப்படியில்லை. மெஸ் நடத்துபவர்களே, மண்டபக் காண்டிராக்டர்களே, அவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், உள்ளே போட்டுக்கொள்ளப் பருத்தி உறையும் உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள்.