பெட்டிக்குள் எட்டு மில்லிமீட்டர்

தேனீப் பெட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு மாதமாகத் தொடாமல் விட்டிருந்த பெட்டியைத் திறந்து நடுச் சட்டத்தை எடுக்கப் பார்த்தாராம். அது அசையவில்லை. திருப்புளியை நுழைத்து நெம்பியதும் மேல்கட்டை மட்டும் கையோடு வந்துவிட்டது. அடை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் பெட்டி காலி. “இந்தத் தேனீக்கள் ஏன் எல்லாவற்றையும் இப்படி ஒட்டித் தொலைக்கின்றன?” என்று கேட்கிறார்.

இதே எரிச்சலிலிருந்துதான் இன்று நாம் வைத்திருக்கும் பெட்டியே பிறந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லாங்ஸ்ட்ராத் என்றொரு பாதிரியார் தேனீ வளர்த்தார். அந்தக் காலத்துப் பெட்டிகளில் மேலே குறுக்குக் கட்டைகள் மட்டும்தான் இருக்கும். தேனீக்கள் அவற்றிலிருந்து அடை கட்டி, பக்கச் சுவரோடும் சேர்த்துவிடும். ஒவ்வொரு முறையும் கத்தியால் அறுக்க வேண்டும். தேன் ஒழுகும், புழுக்கள் நசுங்கும். மூடி ஒட்டாமல் இருக்கட்டும் என்று மூடிக்கும் கட்டைகளுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடம் விட்டார். அந்த இடத்தைத் தேனீக்கள் அடைக்கவே இல்லை. அதே இடைவெளியைச் சட்டத்தின் எல்லாப் பக்கத்திலும் விட்டால் என்ன என்று 1851 அக்டோபரில் அவருக்குத் தோன்றியது. அடுத்த அக்டோபரில் காப்புரிமையும் பெற்றுவிட்டார்.

தேனீயின் கணக்கு இதுதான். இத்தாலியத் தேனீக்கு ஆறு முதல் ஒன்பது மில்லிமீட்டர் வரை உள்ள இடைவெளி நடைபாதை. அதை அப்படியே விட்டுவைக்கும். அதற்குக் குறைந்தால் பூசி மூடும். கூடினால் அங்கே அடை கட்டும். இந்தியத் தேனீ உருவில் சிறியது, அதன் அளவும் சற்றுக் குறைவு. தெருவிலும் இதே கதைதான். எங்கள் பழைய தெருவில் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே கை நுழையாத ஓர் இடுக்கு இருந்தது. அதில் குப்பையும் மண்ணும் சேர்ந்து தானாகவே அடைந்துபோயிற்று. தெருக்கோடியில் அகலமாகக் கிடந்த இடத்தில் யாரோ கொட்டகை போட்டுவிட்டார்கள். ஓர் ஆள் நடக்கும் அகலம் இருந்த சந்து மட்டும் ஐம்பது வருடமாகச் சந்தாகவே இருக்கிறது.

ஒட்டும் பொருள்தான் என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது. இத்தாலியத் தேனீ மர மொட்டுகளிலும் பட்டைகளிலும் கசியும் பிசினைப் பின்னங்கால்களில் சுமந்து வரும். மகரந்தத்தைத் தானே தட்டி இறக்குவதுபோல இதை இறக்க முடியாது. கூட்டுக்குள் இருக்கும் சகோதரிகள் தாடையால் கவ்வி இழுத்து இறக்கிவிட வேண்டும். அதை மெழுகோடு கலந்து விரிசல்களில் எல்லாம் பூசும். கூட்டுக்குள் புகுந்து கொட்டுப்பட்டுச் செத்த எலியை இழுத்து வெளியே போட முடியாது அல்லவா? அதன்மேலும் பிசினைப் பூசி, அழுகி நாறாமல் செய்துவிடும். பிசினுக்குக் கிருமிகளை ஒடுக்கும் குணம் உண்டு. கூட்டின் உட்புறம் பிசின் பூசியிருந்தால் தேனீக்களின் நோயெதிர்ப்பு மரபணுக்கள் குறைவாகவே வேலை செய்ய நேர்கிறது என்று தேனீ ஆய்வாளர் மார்லா ஸ்பிவாக்கும் அவருடைய குழுவினரும் 2009இல் காட்டினார்கள்.

நம் இந்தியத் தேனீயோ பிசினைச் சீண்டுவதே இல்லை. அதற்கு எல்லாம் மெழுகுதான். பக்கத்துச் சுவர் ஓட்டையில் குடியிருக்கும் கொசுத் தேனீயைப் பாருங்கள், பிசினையும் மெழுகையும் குழைத்துத்தான் அது முழு வீட்டையும் கட்டுகிறது. ஒரே தோட்டத்துப் பூக்களில் மேயும் மூன்று இனங்களின் வழக்கம் மூன்று விதம்.

வாசகரின் பெட்டியில் இருந்தவை இந்தியத் தேனீக்கள் என்று ஊகிக்கிறேன். மிரண்டால் கூட்டையே துறந்து போவது அவற்றின் சுபாவம். அப்படியானால் அவருடைய சட்டத்தைப் பிடித்திருந்தது பிசின் அல்ல, மெழுகு அடை. எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது.

இங்கேதான் எனக்கு ஆற்றாமை. நம் சிறிய தேனீக்கென்றே அளவு பார்த்து ஒரு பெட்டியைப் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்து மக்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். அந்தப் பெட்டி இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கீழே புழு அறையில் ஏழு சட்டங்கள். பெயர் நிலைத்தது, அளவு நிலைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக்கு மொத்தமாக வந்திறங்கிய பெட்டிகளில் ஒன்றை அளந்து பார்த்தேன். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பக்கம் நான்கு மில்லிமீட்டர், மறுபக்கம் பன்னிரண்டு. ஈரம் காயாத பலகை வெயிலில் வளைந்திருந்தது. தச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அளவு எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏழு சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தை வைத்துவிட்டு, தேனீக்கள் குறுக்கே அடை கட்டுகின்றன என்று வருந்துகிறவர்களையும் பார்க்கிறேன்.

சரி, ஒட்டிவிட்ட சட்டத்தை எப்படி எடுப்பது? ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு மேசை இழுப்பறை உப்பி இறுகிவிடும். அப்பா கைப்பிடியைப் பிடித்து இழுக்கவே மாட்டார். இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டுவார். அது தானே வழிவிடும். சட்டமும் அப்படித்தான். முதலில் நடுச் சட்டத்தைத் தொடவே கூடாது. அங்கேதான் முட்டையும் புழுவும் இருக்கும், பெரும்பாலும் ராணியும் அங்கேதான். ஓரத்துச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். சுவரோடு சேர்ந்திருக்கும் அடையை மெல்லிய கத்தியால் கீழிருந்து மேலாக அறுத்துவிடுங்கள். மேல்கட்டையின் இரு நுனிகளிலும் உளியை வைத்து மாறி மாறி, நூலளவு நூலளவாக நெம்புங்கள். நகர்ந்ததும் இரு கையாலும் நேராக மேலே தூக்கி வெளியே வையுங்கள். அடுத்த சட்டத்தை அந்தக் காலி இடத்துக்கு நகர்த்திவிட்டுத் தூக்கினால், தேனீக்கள் இரண்டு அடைகளுக்கு நடுவே உருண்டு நசுங்காது. மேலே இருக்கும் தேன் அறையையும் சட்டென்று தூக்காதீர்கள். கீழ்ச் சட்டங்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். லேசாகத் திருகி விடுவித்த பிறகே தூக்க வேண்டும்.

உச்சி வெயிலில் மெழுகு இளகி, தேன் நிறைந்த அடை அறுந்து விழும். காலை வேளையே நல்லது. இத்தாலியத் தேனீயின் பிசின் கையில் ஒட்டினால் பலாப்பழப் பால் மாதிரிதான். பலா அறுக்கும் முன் அம்மா செய்வதுபோல விரலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு மாதம் திறக்காமல் விடாதீர்கள். 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. புழு சாவதை அடையை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். பத்து நாளுக்கு ஒருமுறை திறக்கிற பெட்டியில் மெழுகு முற்றுவதற்குள் விரலாலேயே சுரண்டி எடுத்துவிடலாம்.

வாசகரே, அந்தக் காலிப் பெட்டி இன்னும் உங்களிடம் இருக்கும். உடைந்த சட்டத்தைத் தேனீக்கள் எந்தெந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்று பாருங்கள். அங்கெல்லாம் இடைவெளியை அளந்து, கூடுதலாக இருக்கும் பக்கத்தில் மெல்லிய மரப் பட்டியல் அடித்துச் சரி செய்யுங்கள். அதற்குப் பிறகு அடுத்த குடும்பத்தைக் குடிவையுங்கள்.