பழைய டிராக்டர், அம்பாசடர் எரியாமல் காக்கும் ஒரு சாண் வயர்!

அறுவடை முடிந்ததும் டிராக்டருக்குக் கொஞ்ச நாள் ஓய்வு. மாட்டுக் கொட்டகையை ஒட்டியோ, வைக்கோல் போருக்குப் பக்கத்திலோ நிறுத்திவிட்டு, சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிடுவார்கள். சாவி எடுத்தாயிற்று, இனி பயமில்லை என்பதுதான் பலருடைய நினைப்பு. ஆனால், சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச் வரைக்கும் வருகிற மெயின் வயரில் இரவும் பகலும் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த நேரத்தில் இன்ஜின் பக்கம் எலி வந்து கூடு கட்டும். வயரின் மேல்தோலைக் கடிக்கும். உள்ளே இருக்கிற செம்புக் கம்பி வண்டியின் இரும்பில் பட்டால் போதும், ஷார்ட் ஆகி வயர் சில நொடிகளில் பழுத்துவிடும். தோல் உருகும், பக்கத்து வயர்களும் பற்றும். டீசல் குழாயோ வைக்கோலோ அருகில் இருந்தால் வண்டியோடு கொட்டகையும் மாடுகளும் போகும்.

12 வோல்ட்தானே என்ற அலட்சியம்

12 வோல்ட் பேட்டரியைக் கையால் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. அதனால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால், வயரைச் சூடாக்குவது அதில் ஓடுகிற ஆம்பியர். செல்ஃப் மோட்டாரைச் சுற்றவே பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்கிறது. அதே வேகத்தில் மின்சாரம் மெல்லிய வயரில் பாய்ந்தால் அது அடுப்புக் கம்பியாக மாறிவிடும்.

மோட்டார் ரூமில் ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பியைக் கட்டினால் என்ன ஆகும் என்பது பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஃபியூஸ் போகாது, மோட்டார் காயில் கருகும். வண்டியிலும் இதே கணக்குதான். ஃபியூஸ் முதலில் காப்பாற்றுவது லைட்டை அல்ல, வயரை.

பழைய வண்டிகளில் என்ன குறை?

அம்பாசடர் கார், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரானது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பில் ஃபியூஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லூகாஸ் நிற முறையில், பேட்டரியிலிருந்து நேராக வருகிற பழுப்பு நிற வயருக்கு ஃபியூஸ் கிடையாது. பெரும்பாலும் ஹெட்லைட்டுக்குப் போகும் நீல வயருக்கும் கிடையாது. பச்சை, ஊதா வயர்கள்தான் ஃபியூஸ் வழியாகப் போகும். பழைய டிராக்டர்கள் பலவற்றிலும் இதே நிலைதான்.

வண்டி புதிதாக இருந்தபோது இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 30, 40 ஆண்டு வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வயரின் தோல் காய்ந்து, மடக்கினாலே உதிர்கிற நிலைக்கு வந்துவிட்ட பிறகு, அதே குறை ஆபத்தாகிவிடுகிறது.

ஃபியூசிபிள் லிங்க் என்பது என்ன?

மெயின் வயர் தொடங்குகிற இடத்தில் சேர்க்கப்படும் சிறு துண்டு வயர்தான் ஃபியூசிபிள் லிங்க். இது மெயின் வயரைவிட மெல்லியது. ஷார்ட் ஆனால் வண்டி வயரிங் முழுவதும் கருகுவதற்கு முன்னால் இந்தத் துண்டு மட்டும் உள்ளே உருகி அறுந்துவிடும். இதன் மேல்தோல் எளிதில் தீப்பிடிக்காத தனிப் பொருளால் ஆனது. சூட்டில் உப்பும், கொப்பளிக்கும். ஆனால் தீ பரவாது.

சாதாரண ஃபியூஸைவிட இது சற்று நிதானமாக அறுகும். ஒரு கண நேரம் கூடுதல் ஆம்பியர் ஓடினால் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் மெயின் வயருக்கு இது பொருத்தம். லைட், ஹாரன் போன்ற கிளை வயர்களுக்கு வழக்கமான ஃபியூஸ்தான் வேண்டும்.

அளவும் இடமும்

லிங்க்கின் கனம், அது காக்கும் வயரின் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். மெயின் வயர் 4 சதுர மில்லிமீட்டர் என்றால் லிங்க் 1.5. வயர் 6 என்றால் 2.5. வயர் 10 என்றால் 4. அதே அளவு கிடைக்காவிட்டால் அடுத்த சிறிய அளவைப் போடலாம், பெரியதைப் போடக் கூடாது.

நீளம் 15 முதல் 23 சென்டிமீட்டர், அதாவது அதிகபட்சம் ஒரு சாண். நீளம் கூடினால் பாதுகாப்பு குறையும்.

பேட்டரியின் தடித்த கேபிள் செல்ஃப் மோட்டாரில் வந்து சேரும் முனையிலிருந்துதான் வழக்கமாக மெயின் வயர் பிரியும். அந்த இடத்திலேயே லிங்க் வர வேண்டும். லிங்க்குக்கு முன்னால் இருக்கிற வயருக்குப் பாதுகாப்பு கிடையாது என்பதால், தள்ளிப்போய்ப் பொருத்துவதில் பயனில்லை. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் லிங்க் போடக் கூடாது. ஒரே ஸ்டார்ட்டில் அறுந்துவிடும். லிங்க்கை மற்ற வயர்களோடு சேர்த்து டேப் சுற்றக் கூடாது. டீசல், பெட்ரோல் குழாய்களிலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

லிங்க் வயர் கிடைக்காத ஊர்களில், போல்ட் வைத்து முடுக்கும் பெரிய ஃபியூஸை மூடியுள்ள ஹோல்டரோடு பொருத்தலாம். அதன் ஆம்பியர் அளவு, ஆல்டர்னேட்டர் கொடுக்கும் அதிகபட்ச ஆம்பியருக்கு மேலேயும், வயர் தாங்கும் அளவுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிகளில், பழைய மெயின் வயர் அந்தக் கூடுதல் ஆம்பியரைத் தாங்குமா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை செய்யும்போது

பாடி எர்த் ஆகியிருக்கும் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. பெரும்பாலான வண்டிகளில் நெகட்டிவ்தான் எர்த். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பார்த்துவிட்டுத் தொட வேண்டும். இணைப்புகளை வெறுமனே முறுக்கிவிடாமல், லக் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அறுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும், ஆனால் சாவியைத் திருப்பினால் எதுவும் எரியாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு லிங்க்கை மெதுவாக இழுத்துப் பார்த்தால், ரப்பர் போல நீளும். உள்ளே கம்பி உருகிவிட்டது என்று அர்த்தம். மேல்தோல் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருக்கலாம் என்பதால், டெஸ்ட் லேம்ப் வைத்து இரு முனையையும் பார்ப்பதே உறுதி.

அவசரத்துக்குச் சாதாரண வயரை வைத்து முறுக்கி ஓட்டுவதுதான் பெரிய தவறு. சிகரெட் பேப்பரை ஃபியூஸில் சுற்றுவதும் அதே ரகம். லிங்க் காரணமில்லாமல் அறுவதில்லை. ஷார்ட் எங்கே என்று பார்த்துச் சரிசெய்த பிறகே புது லிங்க் போட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தளர்ந்த, துருப்பிடித்த இணைப்புகளில் உண்டாகும் சூட்டை எந்த லிங்க்கும் ஃபியூஸும் தடுக்காது.

மழைக்காலத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

* வயர்கள் இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா?
* இன்ஜின் பக்கம் எலி எச்சம், வைக்கோல் கூடு தெரிகிறதா?
* பேட்டரியிலிருந்து நேராக இழுத்த கூடுதல் லைட்டுக்குத் தனி ஃபியூஸ் உண்டா? 55 வாட் பல்புகள் இரண்டு சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.
* நாள் கணக்கில் நிறுத்துவதானால் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றியாயிற்றா? அல்லது கட்-ஆஃப் சுவிட்ச் இருக்கிறதா?

ஒரு சாண் வயரும் அரை நாள் வேலையும்தான் செலவு. வைக்கோலுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற வீட்டில் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.