ஒரு யூனிட் மின்சாரம்

மின்கட்டண அட்டையில் ‘யூனிட்’ எனக் குறிக்கப்படுவது ஒரு கிலோவாட் மணி. அதாவது 36 இலட்சம் ஜூல். இவ்வெண்ணின் பருமன் எளிதில் புலப்படுவதன்று. உடல் வலிமை மிக்க ஒருவர் 75 வாட் வீதத்தில் எட்டு மணி நேரம் உழைத்தாலும் அவர் செய்யும் வேலை 0.6 யூனிட்டைத் தாண்டாது. கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஆற்றும் வேலைக்கு, ஏற்றம் இறைத்த காலத்தில் ஆறு பேர் பகல் முழுதும் பாடுபட வேண்டியிருந்திருக்கும். மின்சாரம் முதலில் இறக்கிவைத்தது மனிதத் தோள்களின் சுமையையே.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்று படித்திருக்கிறோம். அழியாத ஒன்றுக்குத் தட்டுப்பாடு வருவது எங்ஙனம்? ஆற்றலின் அளவு குறைவதில்லை. அதன் பயன்படுதிறனே குறைகிறது. வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றும் பொறி இருக்க முடியாது என்பதற்கான அடித்தளத்தை 1824ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ அமைத்தார். வெப்பத்தின் ஒரு பகுதி குளிர்ந்த இடத்திற்குச் சென்றே தீர வேண்டும். மேட்டூர் அனல் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள் செய்வது இப்பணியைத்தான். இத்தகைய நிலையங்களில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. இவ்விழப்பில் பெரும்பகுதி கவனக்குறைவால் நேர்வதன்று, இயற்கையின் விதி.

ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. வெளிவருவதோ ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. எரித்ததைவிட எடை மிகுவது வியப்பளிக்கலாம். ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால், 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாகிறது. கோபுரத்தின் வெப்பம் விரைவில் விண்வெளிக்குப் போய்விடும். வாயுவின் கணிசமான பகுதியோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கி, புவி வெளியிடும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இதனால் புவி எவ்வளவு சூடாகும் என்பதைச் சுவாந்தே அரீனியசு 1896இல் கணக்கிட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்திற்கு 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

எரிக்காமலும் மின்சாரம் பெறலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் தென்மேற்குப் பருவக்காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனால் காற்றின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். நமக்கு விளக்கு வேண்டும் நேரத்தைக் காற்று கேட்டு வீசுவதில்லை. ஆகவே மிகுந்துள்ளபோது சேமித்துவைக்க வேண்டும். ஆனைமலைப் பகுதியில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், தேவை குறைந்த வேளையில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் தருகிறது. ஏற்றச் செலவிட்டது முழுதும் திரும்ப வராது. இழப்பே இல்லை என்று கொண்டாலும், ஒரு யூனிட் பெறுவதற்கு ஒரு டன் நீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். கைப்பை ஒன்றில் அடங்கும் 700 கிராம் நிலக்கரிக்கு ஈடாக மலையிலிருந்து இறங்கும் நீரின் அளவு இது.