பனிமலைப் பாய்ச்சலும் பாதுகாப்பும்

உயரத்திலிருந்து பாய்கின்ற இருவரில் ஒருவன் சிரித்துக்கொண்டு எழுந்து செல்ல, மற்றவன் முதுகெலும்பு முறிந்து கிடப்பானேன்? எவ்வளவு உயரம் எழுந்தான், எவ்வளவு தூரம் சென்றான் என்பனவற்றையே பெரும்பாலோர் காரணமாகக் கொள்வர். பனிச்சறுக்கு விளையாட்டுக்கென அமைக்கப்படும் பாய்ச்சல் மேடைகளை ஆராய்ந்த அறிஞர் வேறொரு விடை தருகின்றனர். பாய்ந்தவன் எந்தச் சரிவிலே வந்து இறங்குகின்றான் என்பதுதான் அவனது நன்மை தீமையைப் பெரிதும் முடிவு செய்கின்றது என்பது அவர்தம் கொள்கை.

நுவரெலியாவிலே ஆண்டின் தொடக்க மாதங்களிற் சில காலைகளிற் புல்நுனிமேல் உறைபனி படிவதுண்டு. ஆயினும் மலை முழுவதையும் ஆளுயரத்துக்கு மூடிக்கிடக்கும் வெண்பனி இலங்கையருக்குப் புதியது. அத்தகைய மலைச்சரிவுகளில், காலிலே நீண்ட சறுக்குக்கட்டைகளைப் பூட்டிக்கொண்டு கீழ்நோக்கி விரைவதே பனிச்சறுக்கு. சறுக்கிவரும் வழியில் மேடொன்று எதிர்ப்பட்டால் அதன்மேல் ஏறி வானில் எழுந்து பாய்தல் அவ்விளையாட்டின் ஓர் அங்கம். நோர்வே நாட்டில் டெலிமார்க் பகுதியிற் பிறந்த சோண்ட்ரே நோர்ஹெய்ம் என்பார் 19 ஆம் நூற்றாண்டிலேயே இக்கலையில் வல்லவராய் விளங்கினார்.

பின்னர் இரண்டு சறுக்குக்கட்டைகளுக்குப் பதிலாக ஒரே பலகையில் நின்று சறுக்கும் வழக்கமும் தோன்றியது. 1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பொப்பென் என்பவர் தம் மகள்மாரின் விளையாட்டுக்காக இரு சறுக்குக்கட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். இன்றைய பனிப்பலகைக்கு அதனை ஒரு முன்னோடி எனலாம். பலகையினர் பெருகப் பெருக, வானில் எழுந்து சுழன்று வித்தை காட்டும் ஆவலும் பெருகிற்று. பனிச்சறுக்கு நிலையங்களின் உரிமையாளர் அவர்களுக்கெனச் சரிவின் ஒரு பகுதியை ஒதுக்கி, பனியைக் குவித்து மேடைகள் கட்டினர். அவ்விடத்தை அங்குள்ளோர் 'டெரெயின் பார்க்' என்பர். பாய்ச்சற்பூங்கா என்று நாம் வழங்கலாம்.

இப்பூங்காவில் மிகுதியாகக் காணப்படுவது மேசைவடிவ மேடை. சறுக்கிவருபவன் முதலில் மேல்நோக்கி வளைந்த ஏறுதளத்தில் ஏறுகின்றான். அதன் விளிம்பிலே தரையை விட்டு எழுகின்றான். விளிம்புக்கு அப்பால் மேசைபோன்ற தட்டையான பகுதி உண்டு. மேசை முடிந்ததும் கீழ்நோக்கிய இறங்குசரிவு தொடங்குகின்றது. அதன் அடியில் நிலம் மீண்டும் தட்டையாகின்றது. மேசையைக் கடந்து, சரிவின் தொடக்கத்துக்குச் சற்று அப்பால் இறங்குவதே முறை. வேகம் குறைந்தவன் மேசையின்மேல் விழுவான். வேகம் மிகுந்தவன் இறங்குசரிவையே தாண்டி, அடியிலுள்ள தட்டை நிலத்தில் விழுவான். இரண்டிலும் ஆபத்து உண்டு. தாண்டி விழுதலே பெருங்கேடு.

ஏன் என்பதைக் கணக்கு மூலம் காணலாம். உயர்கணிதம் வேண்டியதில்லை, பௌதிகம் படிக்கும் மாணவன் ஒரு தாளில் எழுதிவிடக்கூடிய கணக்கே இது. ஒருவன் செக்கனுக்கு 15 மீற்றர், அஃதாவது மணிக்கு 54 கிலோமீற்றர் வேகத்தில், 20 பாகை ஏற்றமுள்ள விளிம்பிலிருந்து எழுகின்றான் என்று கொள்க. காற்றின் தடையைப் புறக்கணித்தால், அவன் விளிம்பின் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1.3 மீற்றர் உயர்ந்து, பின்னர்த் தாழ்ந்து, விளிம்புக்கு 3 மீற்றர் கீழேயுள்ள ஓரிடத்தை அடைவான். அவ்விடம் விளிம்பிலிருந்து 20 மீற்றருக்குச் சிறிது அப்பால் இருக்கும். அங்கே நிலம் தட்டையாக இருப்பின், 4.3 மீற்றர் உயரத்திலிருந்து செங்குத்தாகக் குதித்தவன் பெறும் தாக்கத்தையே அவனும் பெறுவான். மேல்மாடி யன்னலிலிருந்து முற்றத்திலே குதிப்பதற்கு இஃது ஒப்பாகும்.

அதே மனிதன், அதே வேகத்தில், அதே இடத்தில் இறங்குகின்றான். ஆனால் இப்போது நிலம் தட்டையாக இல்லாமல் 25 பாகை சரிந்து கிடக்கின்றது. அவன் அவ்வேளை கீழ்நோக்கி ஏறத்தாழ 33 பாகை சாய்வில் வந்துகொண்டிருப்பான். அவன் வரும் திசைக்கும் நிலத்தின் திசைக்கும் இடையே 8 பாகை வேறுபாடுதான் உண்டு. ஆதலின் அவன் நிலத்தில் மோதுவதில்லை. நிலத்தைத் தழுவிச் செல்கின்றான். கணக்கிட்டால் இத்தாக்கம் 30 சதமமீற்றர் உயரத்திலிருந்து குதிப்பதற்கு ஒப்பானது. ஒரு முழம்கூட இல்லை! எழுந்த உயரமும் பறந்த தூரமும் மாறவில்லை. மாறியது நிலத்தின் சரிவு ஒன்றே.

இவ்வாறு ஒரு பாய்ச்சலின் தாக்கத்தைத் தட்டையான தரையிலே குதிக்கும் உயரமாக மாற்றிச் சொல்வதைச் சமான வீழ்ச்சியுயரம் எனலாம். பொதுமக்களுக்கு விளங்கக்கூடிய அளவுகோல் இது. நன்கு பயின்ற விளையாட்டு வீரனின் கால்கள்கூட ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு மேற்பட்ட வீழ்ச்சியைத் தாங்குவது அரிது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள், பொதுவான தொழிலிடங்களில் 4 அடி உயரத்திலே வேலை செய்வோருக்கும், கட்டட வேலையில் 6 அடி உயரத்திலே நிற்போருக்கும் வீழ்ச்சித் தடுப்பு வேண்டும் என்கின்றன. கூலிக்கு வேலை செய்பவனுக்கு 4 அடியிலே வேலி கட்டும் நாட்டில், பணம் கொடுத்து விளையாட வருபவன் 4 மீற்றர் வீழ்ச்சிக்குச் சமமான தாக்கத்தைப் பெறும்படி மேடை அமைந்துவிடுவது விந்தையே.

மலைப் பாய்ச்சலில் இவ்வுண்மை புதியதன்று. ஒலிம்பிக் போட்டியில் இடம்பெறும் பெருந்தூரப் பாய்ச்சல் மேடைகளில் இது நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படுகின்றது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ரைன்ஹார்ட் ஸ்ட்ராவ்மன் 1920 களிலேயே பாய்வோரின் பறப்புப் பாதையை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தார். 1936 இல் பிளானிக்காவில் ஜோசப் பிராடில் முதன்முதலாக 100 மீற்றரைத் தாண்டினார். 2017 இல் நோர்வேயின் விக்கெர்சுண்டில் ஸ்டெபான் கிராப்ட் 253.5 மீற்றர் பறந்தார். இத்துணைத் தூரம் பறந்தவர் நின்றபடியே இறங்குவது மந்திரத்தாலன்று. அவர்தம் பறப்புப் பாதையை ஒட்டியே மலைச்சரிவும் வளைத்து அமைக்கப்பட்டிருப்பதாலேயே. அங்கே வேகமும் கட்டுப்பாட்டில் உண்டு. காற்றின் நிலைமை மாறினால் நடுவர் குழு புறப்படும் இடத்தைச் சில படிகள் கீழே இறக்கிவிடும். புறப்படும் இடம் தாழ்ந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் தூரமும் குறையும்.

பாய்ச்சற்பூங்காவில் இவ்விரண்டும் இருக்கவில்லை. பனியைத் தள்ளிச் சமன் செய்யும் இயந்திரத்தின் சாரதி, தன் கண்மதிப்பையும் பழக்கத்தையும் துணையாகக் கொண்டே மேடைகளை உருவாக்கி வந்தான். அவர்களிற் பலர் கைதேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் மேடையின் வளைவை முன்கூட்டி வரைந்து கணக்கிடும் வழக்கம் அரிதாயிருந்தது. யார் எங்கிருந்து எவ்வளவு வேகத்தில் வருவார் என்பதும் வருபவர் விருப்பத்துக்கே விடப்பட்டது.

இதன் விளைவு நீதிமன்றம் வரை சென்றது. 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இளைஞர் ஒருவர் மேடையொன்றின் இறங்குசரிவைத் தாண்டி விழுந்து, கைகால் செயலிழந்தார். 2007 இல் அவ்வழக்கை விசாரித்த யூரிமார், விளையாட்டுக்கு இயல்பான ஆபத்தையும் அவருடைய பொறுப்பின் பங்கையும் கழித்த பின்னரும், 1 கோடியே 40 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தனர்.

பாய்ச்சல் மேடைகளைப் பொறியியல் முறையில் வடிவமைக்க இயலாது என்று நிலையத்தார் தரப்பிலே வாதிக்கப்பட்டதுண்டு. வருவோரின் வேகமும் திறமையும் வேறு வேறு. பனியும் காலையில் ஒரு விதம், மாலையில் ஒரு விதம். இந்நிலையில் எவருக்கென்று மேடை கட்டுவது என்பது அவர்தம் கேள்வி. கேட்கும்போது நியாயமாகவே தோன்றும் கேள்விதான். இதற்குத்தான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் பிரிவைச் சேர்ந்த பேராசிரியர் மொண்ட் ஹப்பார்டும், கொலராடோச் சுரங்கக் கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் ஜேம்ஸ் மக்நீலும் விடை கண்டனர். இவ்விருவரின் முக்கியமான கட்டுரைகள் 2009 அளவில் வெளிவந்தன.

அவ்விடையின் அழகு அதன் எளிமையில் இருக்கின்றது. எழும் விளிம்பின் சாய்வு ஒன்றே என்று கொள்வோம். மெதுவாக வருபவன் அருகே விழுகின்றான். விரைந்து வருபவன் தொலைவில் விழுகின்றான். எனவே இறங்குசரிவின் ஒவ்வோர் இடத்திலும் விழக்கூடியவன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்தவன் மாத்திரமே. 8 ஆவது மீற்றரில் விழுபவன் என்ன வேகத்தில் வந்தான், அவ்விடத்தில் எந்தத் திசையில் இறங்குகின்றான் என்பதெல்லாம் முன்பே கணக்கிட்டுச் சொல்லக்கூடியவை. 9 ஆவது மீற்றருக்கும் 20 ஆவது மீற்றருக்கும் அவ்வாறே. அப்படியாயின் ஒவ்வோர் இடத்துக்கும் பொருத்தமான சரிவைத் தனித்தனியே தீர்மானித்து, அவற்றை ஒரே வளைவாக இணைத்துவிடலாமன்றோ? அவ்வளைவில் எங்கே விழுந்தாலும் சமான வீழ்ச்சியுயரம் ஒன்றாகவே இருக்கும். அரை மீற்றர் என்று வைத்தால் மெதுவாக வந்தவனுக்கும் அரை மீற்றர். விரைந்து வந்தவனுக்கும் அரை மீற்றர்.

பனி மாறும் என்ற ஆட்சேபமும் இதனோடு பெரிதும் வலுவிழக்கின்றது. பனி இளகினால் உராய்வு மிகுந்து வேகம் குறையும். இறுகினால் வேகம் கூடும். வேகம் மாறினால் விழும் இடமே மாறுகின்றது. புதிய இடத்திலும் அதற்குரிய சரிவு காத்திருக்கின்றது. பாய்பவனின் உடல் எடையும் இக்கணக்கில் நுழைவதில்லை. ஒரே வேகத்தில் எழுந்தால் சிறுவனும் பெரியவனும் ஏறத்தாழ ஒரே இடத்திலேயே இறங்குவர்.

இது தாளோடு நின்றுவிடவில்லை. இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளருடன் சேர்ந்து இத்தகைய மேடையொன்றைப் பனியிலே கட்டி, அளந்து, பாய்ந்தும் பார்த்தனர். அதன் முடிவுகள் 2017 இல் வெளியிடப்பட்டன. 2018 இல் இவ்வளைவைக் கணித்துத் தரும் கணினிச் செயல்நிரல் ஒன்றும் எவரும் பயன்படுத்தும்படி இலவசமாக வெளியிடப்பட்டது.

ஆயினும் எல்லா வேகத்துக்கும் முடிவின்றி நீளும் சரிவைக் கட்ட எவராலும் இயலாது. தொலைவு கூடக் கூடச் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகவேண்டும். தேவையான பனியோ மலைபோல் பெருகும். ஆகவே, இம்மேடைக்கு இதற்கு மேற்பட்ட வேகத்தில் எவரும் வரலாகாது என்று ஓர் எல்லை வகுத்து, அதற்கேற்ற இடத்தைத் தெரிதல் வேண்டும். உராய்வே இல்லையென்று கொண்டாலும், செக்கனுக்கு 15 மீற்றர் வேகம் பெறுவதற்கு ஏறத்தாழ 11½ மீற்றர் செங்குத்து உயரம் இறங்கிவர வேண்டும். எனவே மேடைக்கு மேலே அவ்வளவு உயரத்துக்குக் குறைவான இடத்தில் வேலியும் வாயிலும் அமைத்து, அங்கிருந்தே சறுக்கத் தொடங்கும்படி செய்துவிட்டால் மிகைவேகம் தானே அடங்கிவிடும். எச்சரிக்கைப் பலகை எழுதி வைப்பதினும் இது பன்மடங்கு பயன் தருவது. வேகத்தில் வரும் இளைஞன் பலகையை வாசிப்பதில்லை.

ஏறுதளத்தின் வடிவமும் கவனிக்கத்தக்கது. விளிம்பு வரையில் மேல்நோக்கி வளைந்துகொண்டே போகும் தளத்தில் வருபவனின் உடல், அவன் விரும்பாமலே பின்புறமாகச் சுழலத் தொடங்கும். தரையை விட்டு எழுந்தபின் அச்சுழற்சியை நிறுத்துவது எளிதன்று. கால் கீழாக இறங்கவேண்டியவன் தலைகீழாக வந்து விழுவான். கழுத்தெலும்பும் முண்ணாணும் சிதைந்து வாழ்நாள் முழுவதும் படுக்கையிற் கிடக்க நேர்வது பெரும்பாலும் இவ்வாறு விழுவோர்க்கே. இதற்குப் பரிகாரம், வளைவை முன்னதாகவே முடித்து, விளிம்புக்கு முன்னுள்ள கடைசிப் பகுதியை நேரான தளமாக விடுதல். செலவில்லாத பரிகாரம் என்றே சொல்லவேண்டும்.

இனி, தொடக்கநிலையாளருக்கும் தேர்ந்தவருக்கும் ஒரே மேடை பொருந்துமா? தாக்கம் ஒன்றாயினும் வானில் நிலைகுலையாது நிற்கும் திறமை ஒன்றன்று. ஆதலால் சிறிது, நடுத்தரம், பெரிது என மேடைகளை வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் தனிவழி விடுகின்றனர். அமெரிக்காவிலே இப்பகுதிகளுக்குச் செம்மஞ்சள் நிற நீள்வட்டக் குறியை இடுகின்றனர். புதியவருக்கான மேடையில் விளிம்பின் ஏற்றத்தைக் குறைத்து, மேசையைக் குறுக்கி, வேகத்துக்கும் சிற்றெல்லை வகுத்தல் தகும். தேர்ந்தவனுக்கு நீண்ட பறப்பை அளிக்கலாம். ஆனால் அவனுடைய எலும்பும் மற்றவர் எலும்பு போன்றதே ஆகையால், அவன் மேடையிலும் சமான வீழ்ச்சியுயரத்தை உயர்த்த வேண்டிய தேவை இல்லை. விளிம்பிலே கால்களை உந்தித் துள்ளி எழுபவனின் பாதை கணக்கிலிருந்து சற்று விலகும் என்பதையும் நினைவிற் கொண்டு வடிவமைப்பவர் சிறிது இடம் விட்டுவைத்தல் வேண்டும்.

கல்லினாற் கட்டிய மேடையானால் ஒருமுறை அளந்தாற் போதும். பனிமேடையோ வெயிலில் உருகும், இரவில் இறுகும், நூறுபேர் ஏறி எழுந்தபின் விளிம்பு தேய்ந்து, அதன் சாய்வு ஓரிரு பாகை மாறிவிடும். எனவே நாள்தோறும் காலையில் முதலாவது சறுக்குபவன் வருமுன்னரே, சாய்வுமானியை விளிம்பிலும் இறங்குசரிவின் பல இடங்களிலும் வைத்துப் பார்த்து, வடிவமைப்பிற் குறித்த பாகையோடு ஒப்பிட்டு, குறை கண்ட இடத்தில் பனியை வெட்டியோ நிரப்பியோ சரிசெய்த பின்பே வாயிற்கயிற்றை அவிழ்த்தல் வேண்டும்.